கிரைண்டர் கடை மீது ஒரு புகார்

அந்த நாற்காலி வேண்டாம் அண்ணா, அதற்கு ஒரு கால் ஆட்டம். கட்டிலிலேயே உட்காருங்க. பிரிசில்லாவின் கட்டில்தான். அவள் பேக்கரியிலிருந்து வர மூன்று மணியாகும். போலந்திலிருந்து ராத்திரி பூராவும் பஸ்ஸில் உட்கார்ந்தே வந்திருக்கிறீங்க, காலையாவது நீட்டிக்கொள்ளுங்க.

டீக்கு சர்க்கரை எவ்வளவு? உங்களைப் பற்றி அவள் பேசாத நாள் கிடையாது. "எனக்க அண்ணன் கப்பல் கெட்டுத எடத்துல வெல்டராக்கும்" என்று ஆரம்பித்தாள் என்றால் சோறு ஆறிப்போகும். உங்களை நேரில் பார்த்தால் அப்படிப் பேசுகிற வீட்டு ஆள் மாதிரித் தெரியவில்லை. வந்து அரை மணி நேரத்தில் நாலு வார்த்தைதான் பேசியிருக்கிறீங்க.

காகிதத்தைப் பார்த்தேன். மேசையில் வையுங்க. வக்கீலம்மா என்ன கேட்கிறார் என்று எனக்குப் புரிகிறது. அந்த ஆன்லைன் வேலையில் சேருவதற்கு முன்னால் பிரிசில்லா ஒப்பந்தத்தை என்னிடம் காட்டிக் கேட்டாள், நிஜமான வேலை என்று நம்பித்தான் சேர்ந்தாள், இதை நான் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வியாழக்கிழமை போலீஸ் அவளை விசாரிக்கிறதற்குள் அது வக்கீலம்மா கையில் இருக்க வேண்டும். இருந்தால், தெரியாமல் மாட்டிக்கொண்ட பெண் என்று வாதாடலாம். இல்லாவிட்டால் அவளும் திருட்டுக் கூட்டத்தில் ஒருத்தி. விசா நீட்டிப்பு நின்றுபோகும். படிப்பு பாதியில் போகும்.

நான் மாட்டேன் என்று சொல்லவில்லை அண்ணா. எழுதுவதற்கு முன் நடந்ததை நடந்தபடி உங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்று பார்க்கிறேன். எதையும் முழுக்கப் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா சங்கரன்கோவிலில் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். ஏதாவது தப்பாகப் போனால் யாரைப் போய்க் கேட்பது என்றுகூட எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அதனால் எனக்கு எல்லாவற்றிலும் பயம். பயம் என்று வேண்டாம், கவனம்.

அந்தக் கவனத்தால்தான் இந்த ஊர்த் தமிழ் ஆட்களுக்கு என்னைத் தெரியும். வந்த முதல் மாதமே, வீடு பார்க்காமல் முன்பணம் அனுப்பச் சொன்ன ஒருவனைக் கண்டுபிடித்து, அவன் படத்தோடு குழுவில் போட்டேன். இருநூற்றுச் சொச்சம் பேர் இருக்கிற வாட்ஸ்அப் குழு. அன்றிலிருந்து யார் எதை வாங்கினாலும் முதலில் அந்தக் கடைத் தளத்தின் சுட்டி எனக்குத்தான் வரும். "பேச்சியக்கா, இது நல்ல கடையா?" ஜாக்கெட், சைக்கிள், பழைய லேப்டாப், ஒருத்தர் ஆஸ்திரியாவிலிருந்து நாட்டுக்கோழி. நானும் பார்த்துச் சொல்வேன். இங்கே ஜெர்மனியில் கடை நடத்துகிறவன் தளத்தின் அடியில் தன் பெயர், விலாசம், பதிவு எண் எல்லாம் போட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அந்த விலாசத்தை வரைபடத்தில் தேடுவேன். பதிவு எண்ணை அரசாங்கப் பட்டியலில் பார்ப்பேன். நம்பிக்கை முத்திரை என்று ஒன்று ஒட்டியிருப்பார்கள், அதை அழுத்திப் பார்ப்பேன். நிஜ முத்திரை என்றால் எங்கேயாவது கொண்டுபோய்விடும். பொய் முத்திரை சும்மா படம், அசையாது. ஒரு சுட்டிக்கு இருபது நிமிடமாவது ஆகும். ஒரு பைசா வாங்கியதில்லை அண்ணா. நன்றி சொன்னவர்களும் குறைவு. நான் அதற்காகச் செய்யவில்லை.

போன அக்டோபர் முதல் வாரத்தில் அந்த கிரைண்டர் கடை வந்தது.

சிரிக்காதீங்க. பாதி விலைக்கு ஐபோன் என்று சொல்லிப் பாருங்க, நம் ஆட்கள் ஒருத்தர்கூட ஏமாற மாட்டார்கள். அவ்வளவு உஷார். எண்பத்தொன்பது யூரோவுக்கு டேபிள் டாப் கிரைண்டர், தேங்காய்த் துருவியோடு, வீட்டுக்கே வரும் என்றதும் டாக்டர் பட்டம் வாங்கின ஆள்வரை விழுந்தார்கள். மிக்சியில் அரைத்த மாவில் இட்லி அவித்து அவித்து வெறுத்துப்போன ஜனம். எவனோ கோயம்புத்தூர்க் கடை ஒன்றின் படங்களைத் திருடிப் போட்டிருந்தான். ஒரு படத்தில் கிரைண்டருக்குப் பின்னால் சுவரில் தமிழ் தினசரிக் காலண்டர் தெரிந்தது. அதுதான் விஷயம். "காலண்டரைப் பாத்தியா, நம்மாளு கடைதான்" என்று ஒருத்தர் போட, அதற்கு நாற்பது பேர் கட்டைவிரல் தூக்கிவிட்டார்கள். விலாசம் பார்க்கவில்லை, எண் பார்க்கவில்லை, காலண்டரைப் பார்த்தார்கள்.

அந்த வாரம் நான் ஆராய்ச்சிக் கட்டுரையைச் சமர்ப்பிக்கிற அவசரத்தில் குழுப்பக்கமே போகவில்லை. போய்ப் பார்த்தபோது ஒன்பது பேர் பணம் அனுப்பியிருந்தார்கள். நான் பார்த்த பத்தாவது நிமிடத்தில் சொல்லிவிட்டேன், மோசடி என்று. விலாசம் ஒரு டயர் குடோன். பதிவு எண் செத்துப்போன ஒரு பல் டாக்டருடையது. அட்டை, பேபால் என்று எல்லாப் படமும் முகப்பில் இருக்கிறது, கடைசிப் பக்கம் போனால் வங்கிக்கு நேராக அனுப்புவது மட்டும்தான் வேலை செய்கிறது.

பத்மப்ரியா அக்கா, அவர்கள் வீட்டுக்காரர் கார் கம்பெனியில் இருக்கிறார், போனில் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "ஏன்டி, வங்கிக்கு நேரா அனுப்புறதுதான் இந்த ஊர் வழக்கம், பயப்படாதீங்கன்னு நீதானே புதுசா வர்ற பிள்ளைங்களுக்கெல்லாம் கிளாஸ் எடுத்தே? வாடகை அப்படி, கரண்டு அப்படி, யுனிவர்சிட்டி ஃபீஸ் அப்படின்னு."

"அக்கா, நான் வாடகைக்குச் சொன்னேன். கிரைண்டருக்கா சொன்னேன்?"

"எனக்கென்ன தெரியும். ஊறப்போட்ட உளுந்து அங்கேயே கிடக்கு. இன்னைக்கும் மிக்சிதான்."

எனக்குத் தூக்கம் வரவில்லை அண்ணா. என்மேல் பழி வந்ததால் இல்லை. இதை இப்படியே விடக் கூடாது என்றுதான். ஒன்பது பேரிடமும் ரசீது வாங்கினேன். சும்மா வரவில்லை, ஒவ்வொருவரையும் நாலு தடவை கேட்டு வாங்கினேன். "போனா போகுது பேச்சி" என்றார்கள். "போலீசெல்லாம் எதுக்கு, நாம வந்த இடத்துல" என்றார்கள். நம் ஆட்கள் பணம் போனால் தாங்கிக்கொள்வார்கள், போலீசில் பெயர் இருக்கிறதைத் தாங்க மாட்டார்கள். நானே எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன் என்று உட்கார்ந்தேன். தளத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் படம் பிடித்தேன். தேதி, நேரம், கடை அனுப்பிய மின்னஞ்சல்கள். பதினாலு பக்கம். ஜெர்மனில். ஆராய்ச்சிக் கட்டுரையைக்கூட அவ்வளவு சுத்தமாக எழுதவில்லை.

பிரிசில்லா அப்போது இதோ, நீங்க இருக்கிற இடத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். எனக்கு பிளாக் டீ போட்டுக் கொடுத்தாள். "விடாதீங்கோ அக்கா, இந்தக் கள்ளப் பயலுவள" என்றாள். அதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும்...

சொல்கிறேன். எல்லா ரசீதிலும் பணம் வாங்குகிற இடத்தில் கடையின் பெயர்தான் இருந்தது. அப்போது வங்கியில் பெயரைச் சரிபார்க்க மாட்டார்கள், எண் சரியாக இருந்தால் பணம் போய்விடும். அந்த எண் எந்த வங்கி என்று புகாரில் எழுதினால் நல்லது என்று நினைத்தேன். அதற்கு நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். என்னுடைய வங்கிச் செயலியில் பணம் அனுப்புகிற பக்கத்தைத் திறந்து எண்ணைப் போட்டால் வங்கியின் பெயர் தானாக வரும். அனுப்ப வேண்டியதில்லை. போட்டேன். வங்கி பெயர் வந்தது. அதற்கு மேலே நான் சேமித்து வைத்திருந்த பெயரும் வந்தது. "பிரிசி கரண்டு."

மாதாமாதம் இந்த அறைக்கு மின்சாரப் பணத்தில் என் பாதியை அனுப்புகிற எண் அண்ணா.

நாலு தடவை போட்டுப் பார்த்தேன். ஒரு இலக்கம் மாறியிருக்குமோ என்று காகிதத்தில் எழுதி ஒவ்வொன்றாக அடித்தேன். அதே எண்தான். அவள் குளித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

என்ன அண்ணா, எழுந்துவிட்டீங்க? உட்காருங்க. இதைத்தான் சொல்ல வேண்டும் என்று இருந்தேன். அவள் பெயரைப் போலீசுக்கு யார் சொன்னது என்று வக்கீலம்மாவுக்குத் தெரியாது. பிரிசிக்கும் தெரியாது. வங்கியே கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். நான்தான்.

கோபப்படுங்க, பரவாயில்லை. ஆனால் நான் நின்ற இடத்தில் நின்று பாருங்க. கதவைத் தட்டிக் கேட்டிருக்கலாம் என்பீங்க. கேட்டால் என்ன ஆகும்? அவள் நிஜமாகவே திருடி என்றால், நான் முன்கூட்டியே சொல்லித் தப்பிக்கவிட்டவள் ஆகிவிடுவேன். போலீஸ் புகார்ப் படிவத்தின் மேலேயே போட்டிருந்தார்கள், தெரிந்ததை மறைப்பது குற்றம் என்று. எனக்கும் விசா இருக்கிறது. வருகிற திங்கட்கிழமை வெளிநாட்டவர் அலுவலகத்தில் எனக்கு நாள். படிப்பு விசாவை வேலை விசாவாக மாற்ற ஏழு மாதம் காத்திருந்து கிடைத்த நாள். இந்த விசா நினைப்பு அப்போதே மனதில் ஓடியது. ஓடவில்லை என்று சொன்னால் பொய். கேள்வி நேராக இருந்தது. கணக்கு யாருடையது என்று தெரியுமா? தெரியும். பெயர். விலாசம். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே விலாசம்.

அனுப்பினேன். புகாருக்குப் பதிவு எண் வந்தது. புகார் கொடுத்தாகிவிட்டது என்று குழுவில் போட்டேன். பத்மப்ரியா அக்கா "சிங்கம்டி நீ" என்றார்கள். கைதட்டுகிற படம் வரிசையாக வந்தது. பிரிசியும் மூன்று கைதட்டல் போட்டாள்.

பதினோரு நாள் அண்ணா. பதினோரு நாள் இந்த அறையில் இருந்தோம். அவள் மீன் குழம்பு வைத்தாள், சாப்பிட்டேன். அவள் கணக்கைப் பார்க்கிறபோது முகத்தைக் கவனிப்பேன். ஒன்றும் இருக்காது. பாட்டுப் பாடிக்கொண்டு யாருக்கோ பணம் அனுப்புவாள். எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது, இவளுக்கு ஒன்றும் தெரியாதோ என்று. ஆனால் என் சந்தேகத்தை எந்த இடத்தில் எழுதுவது?

பன்னிரண்டாம் நாள் வங்கி அவள் கணக்கை மூடியது. மறுநாள் போலீஸ் கடிதம். அதைப் படித்துக்கொடுக்கச் சொல்லி என்னிடம்தான் கொண்டுவந்தாள். நான்தான் படித்தேன். அர்த்தம் சொன்னேன். தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நான் வேலைதானே செய்தேன் அக்கா. வாற பைசாவ அவியளுக்கு அனுப்பணும், அதுதானே வேலைன்னு சொன்னாவ."

அப்போதுதான் எனக்கு முழுசாகத் தெரிந்தது. ஆன்லைன் கடைகளுக்குக் கணக்கு உதவியாளர். வீட்டிலிருந்தே வேலை. வாடிக்கையாளர் பணம் இவள் கணக்குக்கு வரும், இவள் அதைத் தலைமை அலுவலகம் என்று ஒரு வெளிநாட்டுக் கணக்குக்குத் தள்ளிவிட வேண்டும். மாதம் நானூறு யூரோ சம்பளம். கிரைண்டர் என்று ஒரு இடத்திலும் இருக்காது. வெறும் ஆர்டர் எண்கள்தான் வரும். எங்கேயோ இருக்கிற திருடன் ஜாலியாக இருக்கிறான், பணத்தில் பதிந்த கைரேகை இவளுடையது. அந்தக் கடை இப்போது வேறு பெயரில் ஓடுகிறது தெரியுமா? காலண்டர் படம்கூட மாறவில்லை. அதையும் புகார் செய்தேன். தானியங்கிப் பதில் வந்தது.

ஒப்பந்தம்... ஆமாம். அதற்குத்தானே வந்திருக்கிறீங்க.

என்னிடம் கேட்டாள் என்கிறாள். கேட்டாள் என்று நான் சொல்ல மாட்டேன் அண்ணா. கேட்பது என்றால் எதிரில் உட்கார்ந்து, நேரம் கொடுத்துக் கேட்க வேண்டும். ஆகஸ்டில் ஒருநாள். எனக்கு மறுநாள் நேர்காணல். இதே மேசையில் படித்துக்கொண்டிருந்தேன். அவள் பின்னால் வந்து நின்றாள். பின்னால் என்றால், பக்கத்தில். போனை நீட்டினாள்.

"அக்கா, ஒரு வேலை கெடைச்சிருக்கு. இத ஒருக்கா பாக்கியளா? எனக்கு ஒரு மாதிரிப் பேடியா இருக்கு."

பேடி என்றால் பயம், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவளுக்கே பயமாக இருந்திருக்கிறது. நான் திரும்பினேன். பார்த்தேன். ஒரு ஸ்டாம்ப் இருந்தது. கீழே ஒரு கையெழுத்து. வரி எண் என்று ஏதோ எண். ஸ்டாம்பைப் பார்த்துவிட்டு, "எல்லாம் இருக்கே, சரியாத்தான் இருக்கு" என்றேன். எவ்வளவு நேரம் பார்த்தேன் என்றால், ஐந்து விநாடி இருக்கும். நாட்டுக்கோழிக்கு இருபது நிமிடம் பார்த்த ஆள்.

அவள் "நீங்க சொன்னா போதும் அக்கா" என்று எனக்கு முறுக்கு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். உங்கள் அம்மா அனுப்பிய முறுக்கு.

புகாரில் நான் ஏன் அதை எழுதவில்லை என்று கேட்பீங்க. படிவத்தில் அப்படி ஒரு கேள்வி இல்லை அண்ணா. ஆராயாமல் சரி என்று சொன்னது யார் என்று எங்கேயும் கேட்கவில்லை. கடைசியில் வேறு குறிப்புகள் என்று ஒரு கட்டம் இருந்தது. ஆயிரம் எழுத்துவரை எழுதலாம். அதில், தமிழ் மக்கள் ஏன் கிரைண்டருக்கு ஏமாறுகிறார்கள் என்று விளக்கி எழுதினேன். தொள்ளாயிரத்துச் சொச்சம் எழுத்து வந்தது. இடம் போதவில்லை.

நான் பொய் சொல்லவில்லை. பதினாலு பக்கத்தில் ஒரு வரிகூடப் பொய் கிடையாது. யாரை வேண்டுமானாலும் படிக்கச் சொல்லுங்க.

ஒன்று கேட்கட்டுமா? திங்கட்கிழமை முடிந்த பிறகு எழுதிக் கொடுத்தால் ஆகாதா? என் விஷயம் காலை ஒன்பது மணிக்கே முடிந்துவிடும். செவ்வாய்க்கிழமை நானே நேரில் போய் வக்கீலம்மாவிடம்... தெரியும். விசாரணை இந்த வியாழன். தெரியாமல் கேட்கவில்லை. போலீஸ் வழக்கில் சாட்சி என்று என் பெயர் வந்து, அது அந்த அலுவலகத்துக் கணினியில் தெரிந்து, எதற்கு இந்தப் பெண்ணும் இதில் இருக்கிறாள் என்று யாராவது கேட்டால்? கேட்க மாட்டார்கள் என்று வக்கீலம்மா சொல்லலாம். சொல்பவர் யாரும் எங்கள் அப்பாவிடம் போய்ப் பதில் சொல்லப்போவதில்லை. பேச்சி எப்போது வேலையில் சேருகிறாள் என்று அவர் சந்தையில் ஒவ்வொரு கடையாகச் சொல்லி வைத்திருக்கிறார்.

ஏன் காகிதத்தை மடிக்கிறீங்க?

இல்லை அண்ணா, அப்படிச் சொல்லாதீங்க. "உனக்குப் பயம்னா வேண்டாம் தங்கச்சி, நாங்க வேற வழி பாக்கோம்" என்று நீங்க சொல்கிறதற்கு நாலு அறை விட்டிருக்கலாம். வேறு வழி எங்கே இருக்கிறது? வேறு வழி இருந்தால் ராத்திரி பூரா பஸ்ஸில் வருவீங்களா? உங்கள் கையைப் பார்க்கிறேன், நெருப்புப் பொறி பட்ட வடு. ஒரு நாள் லீவுக்கு அங்கே என்ன பிடிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டிலும் ஒரு நாள் வண்டி ஓடாவிட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தவள்தான் நான்.

கொடுங்க. கொடுங்க என்கிறேன் இல்லையா. பேனா இருக்கிறது.

நீங்க கொண்டுவந்த வாசகம் வேண்டாம். அது வக்கீல் பாஷை. நானே எழுதுகிறேன். பெயர், முத்துப்பேச்சி. பிறந்த தேதி. விலாசம். ஆகஸ்ட் பதினெட்டு, திங்கட்கிழமை, நேர்காணலுக்கு முந்தின நாள், அதனால் தேதி எனக்கு உறுதியாகத் தெரியும்.

வாசிக்கிறேன், கேளுங்க. "பிரிசில்லா வேலை ஒப்பந்தத்தை என்னிடம் காட்டினாள். தனக்குப் பயமாக இருக்கிறது என்று சொல்லி, சரியா என்று கேட்டாள். நான் படிக்கவில்லை. சரி என்றேன். அவள் என்னை நம்பினாள்."

அவ்வளவுதான். ஐந்து வரி. இதற்கு மேல் எழுதினால் நான் எதையாவது சேர்த்துவிடுவேன். கீழே கையெழுத்து. தேதி. இந்தாங்க, உள்பாக்கெட்டில் வையுங்க. மழை பெய்கிறது.

இரண்டு பேருக்கும் டீ ஆறிவிட்டது, வேறு போடுகிறேன்.

படியில் சத்தம் கேட்கிறதா? அவள்தான். இரண்டிரண்டு படியாகத் தாவுவாள், நீங்க வந்திருப்பது தெரியும் இல்லையா. அண்ணா, ஒரு உதவி. நீங்க சொல்லிவிடாதீங்க. எழுந்தும் போய்விடாதீங்க. அங்கேயே உட்கார்ந்திருங்க.

வா பிரிசி. அண்ணன் அப்போதே வந்தாச்சு. இல்லை, இன்னும் சாப்பிடவில்லை. பன் இருக்கட்டும், அந்தப் பையைக் கீழே வை. கோட்டு நனைந்திருந்தால் இருக்கட்டும், அப்படியே உட்காரு. அண்ணனைப் பார்க்காதே, என்னைப் பாரு. அந்தப் புகாரில் உன் பெயரை எழுதினது நான்தான்.